தற்காப்பே நோயாகும் பூஞ்சை

மூளைத் தண்டுவட நீர் ஆய்வகத்துக்கு வந்து சேரும்போது, எச்.ஐ.வி. தொற்றுள்ளவர் என்றோ, சிறுநீரகம் மாற்றியவர் என்றோ, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர் என்றோ படிவத்தில் குறித்திருந்தால், முதலில் கை போவது இந்தியா இங்க் புட்டிக்குத்தான். நீரைச் சுழற்றி, அடியில் படிந்ததில் ஒரு சொட்டு எடுத்து, மையில் ஒரு சொட்டு சேர்த்து, மேலே கவர்ஸ்லிப் வைக்கிறோம். மை கூடினால் எல்லாம் இருட்டு. குறைந்தால் எதுவும் எடுபடாது. சரியாக அமைந்த ஸ்லைடில், கரும்பழுப்புப் பின்னணி நடுவே மை நுழைய முடியாத தெளிந்த வட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் தடித்த சுவரோடு பளிச்சென்று ஓர் உருண்டைச் செல். சிலவற்றில் குறுகிய கழுத்தோடு ஒரு மொட்டு. வெள்ளையணுவைச் சுற்றியும் மை சற்று விலகி நிற்பதுண்டு. ஆனால் அந்த விளிம்பு கலங்கலாக இருக்கும், மொட்டும் இருக்காது. கண் இதற்குப் பழகிவிட்டால், கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்ற பூஞ்சை மூளையுறை வரை வந்துவிட்டது என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடலாம். பிறகு உறுதிப்படுத்தும் வேலைகள். வளர்ந்த காலனியை யூரியா சேர்த்த சாய்வு அகாரில் தடவினால் மஞ்சள் ஊடகம் அடர்ந்த இளஞ்சிவப்பாகும். பேயெள் விதைச் சாறு கலந்த அகாரில் இட்டால் காலனி பழுப்பாகிக் கறுக்கும். 37 டிகிரி வெப்பத்திலும் தயங்காமல் வளரும். இரத்தத்திலோ தண்டுவட நீரிலோ ஒரு துளி எடுத்துப் பட்டைச் சோதனையில் விட்டால், பூஞ்சை உதிர்த்த சர்க்கரைப் பொருளைப் பிடித்து 10 நிமிடத்தில் ஒரு கோடு விழும்.

இந்தச் சோதனைகளை நாங்கள் அடையாளங்களாக மட்டுமே கற்றோம், அடையாளங்களாகவே கற்பிக்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் எதைத் தொட்டுப் பார்க்கிறது என்று யோசித்தால், அனைத்துக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. மையை விலக்கி நிறுத்தும் உறை, யூரியாவை உடைக்கும் நொதி, நிறமியை உண்டாக்கும் நொதி, சூட்டைத் தாங்கும் திறன் எல்லாமே இந்தப் பூஞ்சை உயிர் பிழைக்க வைத்திருக்கும் கருவிகள். இவற்றைப் பெற்றது மனித உடலில் அல்ல. மண்ணிலும், பறவை எச்சத்திலும், மரப்பொந்திலும். மனிதனைக் கொல்வதால் இதற்கு ஒரு லாபமும் கிடையாது. ஒரு நோயாளியின் மூளையிலிருந்து இன்னொருவருக்கு இது பரவுவதில்லை. நோயாளி இறந்தால் உள்ளிருக்கும் பூஞ்சையின் கதையும் அதோடு முடிகிறது. அப்படியிருந்தும் 2020-ஆம் ஆண்டில் மட்டும் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களில் ஏறத்தாழ 1,52,000 பேருக்கு இந்த மூளையுறை அழற்சி வந்திருக்கும், அவர்களில் 1,12,000 பேர் இறந்திருப்பார்கள் என்று கணித்திருக்கிறார்கள். எய்ட்ஸ் மரணங்களில் இது 19 சதவீதம். தாக்குவதற்காக எதையும் உருவாக்கிக்கொள்ளாத ஓர் உயிர் இத்தனை பேரைக் கொல்வது எப்படி? அது தன்னைக் காத்துக்கொள்ளும் விதமே நமக்கு நோயாகிறது என்பது என் பதில். இப்படிப் பார்க்கத் தொடங்கினால், மருத்துவமனையில் நாம் செய்ய வேண்டிய சில வேலைகளின் வரிசையே மாறுகிறது. அதனால்தான் இதை வாதமாக எடுத்துவைக்கிறேன்.

1894-இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் ஓட்டோ புஸ்ஸேயும் ஆபிரகாம் புஷ்கேயும் ஒரு பெண்ணின் கால் எலும்பிலிருந்து இந்த ஈஸ்ட்டைப் பிரித்தார்கள். அதே ஆண்டில் இத்தாலியில் சான்ஃபெலிச்சே பீச் பழச்சாற்றில் இதைக் கண்டார். நோயாளியின் எலும்பும் பழச்சாறும் ஒரே ஆண்டில் ஒரே உயிரைக் காட்டியது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். 1950-களில் அமெரிக்காவின் செஸ்டர் எம்மன்ஸ் முதலில் மண்ணிலும் பிறகு புறா எச்சத்திலும் இதை ஏராளமாகக் கண்டெடுத்தார். டெல்லியில் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் ரந்தாவா குழு, நாவல் மரப்பொந்துகளின் மக்கிய மரத்தூளில் இதையும் இதன் நெருங்கிய உறவான கேட்டியையும் மறுபடி மறுபடி பிரித்தெடுத்தது. இந்த இடங்களில் எல்லாம் வெயிலும் வறட்சியும் உண்டு. அவற்றைவிடப் பெரிய ஆபத்தாக அமீபாக்கள் உண்டு. அமீபா ஈஸ்ட்டைச் சுற்றி வளைத்து விழுங்கி, அமிலம் நிறைந்த பைக்குள் தள்ளிச் செரிக்கப் பார்க்கும். நம் நுரையீரலின் பெருவிழுங்கு செல்கள் செய்வதும் அச்சு அசலாக இதையேதான். 2001-இல் ஆர்ட்டுரோ கசடெவால் குழுவினர் அகாந்தமீபாவையும் கிரிப்டோகாக்கஸையும் ஒன்றாக வளர்த்து, பூஞ்சை அமீபாவுக்குள் பெருகி அதைக் கொன்றுவிடுவதைக் காட்டினார்கள். உறை இல்லாத வகைகளை அமீபா தின்று தீர்த்தது. நோய் தருவதற்கு முன்தயாரிப்பு மண்ணிலேயே முடிந்துவிட்டது என்ற கருத்து அங்கிருந்து வலுப்பெற்றது.

உலர்ந்த, சுருங்கிய ஈஸ்ட்டோ அதைவிடச் சிறிய வித்தோ மூச்சோடு நுரையீரலின் காற்றறைகளுக்குள் இறங்குகிறது. மண்ணில் இருந்தபோது அதன் உறை மெலிந்திருக்கும். உடலுக்குள் கரியமில வாயு மிகுதி, இரும்புச் சத்துக்கோ பஞ்சம். இரண்டும் சேர்ந்து உறையைப் பெருக்கச் சொல்கின்றன. குளுக்குரோனோசைலோமன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் நீரை இழுத்து வைத்துக்கொண்டு, செல்லைவிடப் பருத்த ஒரு கூழ்ப்படலமாகப் பரவுகின்றன. பெருவிழுங்கு செல்லுக்கு அந்த வழுவழுப்பில் பிடிமானம் கிடைப்பதில்லை. பூஞ்சைச் சுவரில் அது இனங்காணக் கூடிய பகுதிகளும் மூடப்பட்டுவிடுகின்றன. உறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1994-இல் சாங், குவான்-சுங் இருவரும் தெளிவாகக் காட்டினார்கள். உறைக்குத் தேவையான ஒரு மரபணுவை நீக்கியதும் பூஞ்சையால் எலியைக் கொல்ல முடியவில்லை. அதே மரபணுவைத் திருப்பி வைத்ததும் மீண்டும் கொன்றது. இன்னொரு தந்திரம், செல்லே பூதாகாரமாக வளர்வது. 2010-இல் விவரிக்கப்பட்ட இந்த ராட்சத செல்கள் சாதாரண ஈஸ்ட்டைப் போலப் பத்து மடங்கு வரை பருத்து, எந்த விழுங்கு செல்லும் வாய்க்குள் கொள்ள முடியாத அளவை எட்டுகின்றன.

விழுங்கப்பட்ட பிறகு நடப்பதுதான் இந்தப் பூஞ்சையின் தனித்தன்மை. காசநோய்க் கிருமி, தன்னை வைத்திருக்கும் பை அமிலமாவதைத் தடுத்துப் பிழைக்கிறது. கிரிப்டோகாக்கஸ் அதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை. பை அமிலமாகட்டும் என்று விட்டு, அந்த அமிலத்திலேயே மொட்டு விட்டுப் பெருகுகிறது. ஸ்டூவர்ட் லெவிட்ஸ் குழு 1990-களின் பிற்பகுதியில் செய்த சோதனை இதை நேர்மாறான திசையிலிருந்து காட்டியது: குளோரோகுயின் கொடுத்துப் பையின் அமிலத்தன்மையைக் குறைத்தபோது, பெருவிழுங்கு செல்லால் பூஞ்சையை ஒடுக்க முடிந்தது. செரிக்க வைத்த அமிலமே பூஞ்சைக்கு வசதியாக இருந்திருக்கிறது. நிறமி இன்னொரு காவல். லாக்கேஸ் நொதி உண்டாக்கும் மெலனின், விழுங்கு செல் வீசும் ஆக்சிஜன் வேதிப்பொருள்களை உறிஞ்சிக்கொள்கிறது. மண்ணில் இதே மெலனின் புற ஊதாக் கதிரைத் தாங்குகிறது. பேயெள் அகாரில் காலனி பழுப்பாவதற்குக் காரணமும் இந்த நொதிதான். விதையில் உள்ள காஃபிக் அமிலம் அதற்குக் கச்சாப் பொருள். கடைசியாக, பூஞ்சை வெளியேறும் விதம். 2006-இல் கசடெவால் குழுவும் பர்மிங்ஹாமில் ராபின் மே குழுவும் தனித்தனியே படம்பிடித்த காட்சி இது: பெருவிழுங்கு செல் தான் விழுங்கிய ஈஸ்ட்டை வெளியே விட்டுவிட்டு, இரண்டும் உயிரோடு தத்தம் வழியே நகர்கின்றன. செல் வெடிப்பதில்லை, வெடித்தால் சிந்தும் பொருள்கள் அழற்சியைக் கிளப்பியிருக்கும். 2010-இல் அமீபாவிலிருந்தும் இதே மாதிரி வெளியேறுவது பதிவானது. அமீபாவின் கொழுப்புப் பொருள்கள் பட்டாலே பூஞ்சை உறையைப் பெருக்குகிறது என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. நுரையீரல் செல்லையும் மண்ணின் அமீபாவையும் இந்தப் பூஞ்சை வேறுபடுத்திப் பார்ப்பதாகவே தெரியவில்லை.

இத்தனை கருவிகளும் இருந்தும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் குழந்தைகளின் இரத்தத்தைப் பார்த்தபோது, இரண்டு வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோரிடம் இந்தப் பூஞ்சைக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. அதாவது அது வந்து போயிருக்கிறது, அல்லது வந்து தங்கியிருக்கிறது. தங்குவது எவ்வளவு காலம் என்பதற்கு பிரான்சிலிருந்து ஒரு சான்று உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து குடிபெயர்ந்து பல ஆண்டுகள் கழித்து நோயுற்றவர்களிடம் எடுத்த பூஞ்சை, பிரான்சில் புழங்கும் வகைகளோடு சேராமல் தனிக் கூட்டமாக நின்றது. முன்பே மூச்சில் போனது, நுரையீரல் முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. டி செல்கள் அந்த முடிச்சைக் காவல் காக்கும் வரை அசையாது. அந்த டி செல்களைக் கணக்கிடும் சி.டி.4 எண்ணிக்கை 100-க்குக் கீழே விழும்போது காவல் கலைகிறது. அதனால் இந்த நோயைப் புதிதாகத் தொற்றிய ஒன்றாகப் பார்ப்பதைவிட, நெடுநாள் பிழைத்திருந்த ஒன்று வெளிப்பட்டதாகப் பார்ப்பதே பல நோயாளிகளில் பொருந்தும்.

சரி, அது ஏன் மூளைக்குப் போகிறது என்பது என் வாதத்துக்கு எதிரான முதல் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. மண்ணில் தற்காத்துக்கொள்ளக் கற்ற உயிர் உடலில் சிதறினால் எலும்பு, தோல், புராஸ்டேட் என்று எங்கும் தங்கலாம். தங்குகிறது என்பதும் உண்மை. ஆனால் கொல்வது மூளையில்தான். இது குறி வைத்துப் போவது போலல்லவா இருக்கிறது? உயிருள்ள எலியின் மூளை நாளங்களை நுண்ணோக்கியில் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு இதற்குப் பாதி விடை தருகிறது. இரத்தத்தில் ஓடிவரும் ஈஸ்ட், நுண்நாளத்தின் விட்டம் தன் விட்டத்துக்குச் சமமாகும் இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. சுவரில் உருண்டு, ஒட்டிப் பார்த்து, இறங்கும் வெள்ளையணுவின் நடை அதில் இல்லை. சிக்கி நிற்கிறது, அவ்வளவுதான். நின்ற பிறகு நாளச் சுவரைக் கடக்க யூரியேஸ் நொதி உதவுகிறது. அதைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் மூளைக்குள் போகும் அளவு குறைகிறது. யூரியேஸ் இல்லாத வகையை நேரடியாக எலியின் மூளையில் செலுத்தினால் அது வழக்கம்போலவே கொல்கிறது. ஆகவே அந்த நொதி வாசலைத் தாண்டத்தான் வேண்டும், உள்ளே வாழ அல்ல. பறவை எச்சத்தில் அதே நொதியின் வேலை யூரியாவை உடைத்து நைட்ரஜன் உணவு எடுப்பது. சில ஈஸ்ட்டுகள் விழுங்கு செல்லுக்குள் இருந்தபடியே கடக்கின்றன என்பதற்கும் எலிகளில் சான்றுகள் உண்டு. ஒரே வழிதான் என்று யாரும் சொல்வதில்லை.

மீதிப் பாதி விடை, மூளைக்குள் என்ன கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. லாக்கேஸ் நொதிக்குக் கச்சாப் பொருளாக டோபமின் போன்ற கேட்டகோலமின்கள் மூளையில் உண்டு. நோயில் இறந்தவர்களின் மூளைத் திசுவிலிருந்து மெலனின் பூசிய பூஞ்சைத் துகள்களைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். இன்னொரு பொருள் இனாசிட்டால். தாவரங்களிலும் அது நிறைய, மனித மூளையிலும் நிறைய. பெரும்பாலான ஈஸ்ட்டுகளுக்கு ஒன்றிரண்டு இனாசிட்டால் கடத்திகள் போதும். கிரிப்டோகாக்கஸிடம் பெரிய குடும்பமே இருக்கிறது. செடியின் மேற்பரப்பில் இனாசிட்டால் கிடைத்தால் அதன் பாலின இனப்பெருக்கமே தூண்டப்படுகிறது. செடியோடும் மரத்தோடும் வாழப் பெற்ற கடத்திகள் மூளையிலும் உணவு ஊட்டுகின்றன. ஆக, மூளையைத் தேடிப் போகும் உந்துதல் இருப்பதாகக் கொள்ள வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. நுண்நாளத்தில் சிக்கியவற்றில் ஒரு பங்கு, தனக்கு ஏற்கெனவே பழகிய பொருள்கள் கிடைக்கும் இடத்தில், நோய் எதிர்ப்பு தணிந்த சூழலில் பிழைத்துக்கொள்கிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த கட்டம். பாக்டீரியா மூளையுறை அழற்சியில் தண்டுவட நீர் கலங்கி வரும். வெள்ளையணுக்கள் ஆயிரக்கணக்கில், சர்க்கரை மிகக் குறைவு. அந்தச் சேதத்தில் பெரும் பங்கு நம் உடலின் எதிர்வினை. எச்.ஐ.வி. நோயாளியின் கிரிப்டோகாக்கஸ் நீர் பெரும்பாலும் தண்ணீரைப் போலத் தெளிவாக வருகிறது. வெள்ளையணு விரல்விட்டு எண்ணும் அளவு. சில நேரம் ஒன்றுகூட இல்லை. சர்க்கரையும் புரதமும் ஏறத்தாழ இயல்பாக இருக்கலாம். இங்க் போட்டால் அதே தெளிந்த நீரில் புலம் முழுக்க ஈஸ்ட். உறையிலிருந்து உதிரும் சர்க்கரைப் பொருள் வெள்ளையணுக்கள் அங்கு வருவதையே மட்டுப்படுத்துகிறது என்பது பல சோதனைகளின் முடிவு. இந்த நிசப்தத்தை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வது ஆபத்தான தவறு. செல் எண்ணிக்கை குறைவாக இருப்பவர்களே அதிகம் இறக்கிறார்கள்.

அழற்சி இல்லையென்றால் மரணம் எதனால்? பெரும் பங்கு அழுத்தத்தால். முதுகுத் தண்டில் ஊசி போட்டு அளக்கும்போது இயல்பாக 20 செ.மீ. நீரளவுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம், பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளில் 25-ஐத் தாண்டுகிறது. 40, 50 என்றும் போகிறது. மூளை தினமும் சுமார் அரை லிட்டர் நீரைச் சுரக்கிறது. அது வடிந்து இரத்தத்தில் சேர்வது சிலந்தியுறையின் நுண்ணிய முண்டுகள் வழியாக. இறந்தவர்களின் அந்த முண்டுகளைத் திசு ஆய்வில் பார்த்தவர்கள், ஈஸ்ட்டும் அதன் உறைப் பொருளும் அங்கே அடைத்துக் குவிந்திருப்பதைக் கண்டார்கள். குவியல் மிகுந்த இடத்தில் உயிரோடு இருந்தபோது அளந்த அழுத்தமும் மிகுந்திருந்தது. தலைவலி, வாந்தி, பார்வை இரட்டையாவது, கண்பார்வையும் செவியும் போவது எல்லாம் இதிலிருந்து தொடர்கின்றன. வடிகால் அடைபட்ட வீட்டில் குழாயைக் கொஞ்சம் இறுக்குவதால் தண்ணீர் வடியாது. நீர் சுரப்பைக் குறைக்கும் அசிட்டசோலமைடைத் தாய்லாந்தில் சோதித்தபோது, பலனைவிடத் தீங்கு மிகுந்து சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. வேலை செய்வது ஊசி போட்டு நீரை வடிப்பதுதான், தேவையானால் நாள்தோறும். தொடக்க அழுத்தம் எதுவாக இருந்தாலும், முதல் நாட்களில் மறுபடி ஊசி போட்டு நீர் எடுக்கப்பட்டவர்கள் இறந்தது குறைவு என்று உகாண்டா, தென்னாப்பிரிக்க நோயாளிகளில் கண்டிருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் செயலிழந்துவிடும் என்ற அச்சம் குடும்பங்களில் ஆழமாக இருக்கிறது. அவர்களிடம் பொறுமையாகப் பேசி, இந்த நோயில் ஊசி சிகிச்சையாகவே ஆகிறது என்று விளக்குவது மருந்து எழுதுவதற்குச் சமமான கடமை. மண்ணில் அமீபாவின் பிடியிலிருந்து வழுக்கிப் போக வைத்த அதே கூழ், இங்கே ஒருவரின் பார்வையைப் பறிக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் அமீபாக் கருத்தின் மீதே. அமீபாவிடமிருந்து தப்பும் பூஞ்சைகள் மண்ணில் எத்தனையோ உண்டு. எல்லாம் மூளையுறை அழற்சி தருவதில்லையே? மேலும், அமீபாவோடு வளர்த்த வகைகள் எப்போதும் கொடியவையாக மாறுவதில்லை. 1970-களிலேயே அமீபாவிடமிருந்து தப்ப நீண்ட இழைபோன்ற வடிவம் எடுத்த வகைகள் எலிகளில் நோய் தரத் திணறின. இந்த ஆட்சேபத்தின் கனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு கருவி போதாது, எல்லாம் ஒன்றாக ஒரே செல்லில் சேர வேண்டும் என்பதே இதன் பொருள். சேர்க்கையில் முதல் வடிகட்டி வெப்பம். 30-இலிருந்து 40 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் பூஞ்சை வகைகளில் சுமார் 6 சதவீதம் வளர முடியாமல் விலகுகின்றன என்று கசடெவாலும் வின்சென்ட் ராபர்ட்டும் 2009-இல் கணக்கிட்டார்கள். கிரிப்டோகாக்கஸின் உறவினர்களில் பல இங்கேயே நின்றுவிடுகின்றன. நியோஃபார்மன்ஸோ கால்சிநியூரின் என்ற புரதத்தின் துணையோடு 37 டிகிரியைத் தாங்குகிறது. அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கினால் 25 டிகிரியில் வளரும், உடல் வெப்பத்தில் வளராது, நோயும் தராது. இழை வடிவ வகைகள் தோற்றதும் என் வாதத்தோடு முரண்படவில்லை: மண்ணில் ஒரு தற்காப்பு உதவினால் அது உடலிலும் உதவியே தீரும் என்று நான் சொல்லவில்லை. உடலில் உதவுபவை மண்ணிலிருந்து வந்தவை என்றுதான் சொல்கிறேன்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கடினமானது. நிசப்தமான பிழைப்பே நோய் என்றால், எதிர்ப்பாற்றல் திரும்பும்போது நோயாளி தேற வேண்டும். ஆனால் 2014-இல் வெளியான கோட் சோதனை வேறு கதை சொன்னது. பூஞ்சை மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வாரத்திலேயே எச்.ஐ.வி. மருந்தையும் தொடங்கியவர்களில் 26 வாரத்துக்குள் இறந்தவர்கள் 45 சதவீதம். ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களில் 30 சதவீதம். எச்.ஐ.வி. இல்லாத நோயாளிகளிலும், பூஞ்சை வளர்வது நின்ற பிறகும் அழற்சியால் மூளை தொடர்ந்து சேதமாவது பதிவாகியிருக்கிறது. அப்படியானால் குற்றவாளி உடலின் எதிர்வினைதானே என்று கேட்கலாம். கோட் சோதனையின் உள்விவரம் இங்கே உதவுகிறது. முன்கூட்டித் தொடங்கியதால் அதிகம் இழந்தவர்கள், தண்டுவட நீரில் வெள்ளையணு மிகக் குறைவாக இருந்தவர்கள். பூஞ்சை நிசப்தமாக மிகுதியாகக் குவித்துவைத்த இடத்தில்தான், திரும்பி வந்த எதிர்ப்பாற்றல் பெருந்தீயாக மூண்டது. பூஞ்சை இறந்தாலும் உறைப் பொருள் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. ஆன்டிஜென் என்று பட்டைச் சோதனை பிடிக்கும் இந்த உறைப் பொருளின் அளவை வைத்துச் சிகிச்சை பலித்ததா என்று தீர்மானிக்கக் கூடாது, வளர்ப்புச் சோதனையையே நம்ப வேண்டும் என்று நாங்கள் வார்டுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அழற்சிதான் எதிரி என்றால் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிடலாமே? அதையும் சோதித்தார்கள். வியட்நாம் உள்ளிட்ட ஆறு ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த கிரிப்டோடெக்ஸ் சோதனை 2016-இல் வெளியானது. டெக்சாமெத்தசோன் இறப்பைக் குறைக்கவில்லை, ஊனத்தைக் கூட்டியது, பூஞ்சை அகலும் வேகத்தையும் தாழ்த்தியது. அழற்சியால் சேதம் வருவது உண்மை என்று ஏற்கிறேன், என் வாதத்தில் அதற்கான இடத்தையும் விடுகிறேன். ஆனாலும் அந்த அழற்சிக்கு எரிபொருள் பூஞ்சை சேர்த்துவைத்த சுமை. முதல் வேலை அந்தச் சுமையை விரைவாகக் குறைப்பது.

சுமையைக் குறைக்கும் வழி இப்போது முன்பைவிட எளிது. ஆம்பிஷன் என்ற சோதனை 2022-இல் வெளிவந்தது. ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் நடந்தது. கொழுப்புறையிட்ட ஆம்ஃபோட்டெரிசினை கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரே ஒருமுறை கொடுத்து, அதோடு 14 நாள் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் தந்தார்கள். பத்து வாரத்தில் இறப்பு 24.8 சதவீதம், பழைய ஏழு நாள் முறையில் 28.7 சதவீதம்; பக்கவிளைவுகளும் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் மிகச் சிறந்த சிகிச்சையிலும் நான்கில் ஒருவர் இறக்கிறார் என்பதை மறக்க முடியாது. மூளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு துரத்துவதன் எல்லை இது.

அதற்கு முன்பே பிடிக்க ஒரு வாய்ப்பைப் பூஞ்சையே தருகிறது. உறைப் பொருளை அது ஓயாமல் உதிர்க்கிறது. அந்த ஆன்டிஜென், தலைவலி தொடங்கப் பல வாரங்களுக்கு முன்பே இரத்தத்தில் தென்படுகிறது. உகாண்டாவில் செய்த ஓர் ஆய்வில் இடைநிலைக் கால அளவு 22 நாள். சி.டி.4 100-க்குக் கீழே உள்ள எல்லோருக்கும், முடிந்தால் 200-க்குக் கீழே உள்ளவர்களுக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும் இரத்த ஆன்டிஜென் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆன்டிஜென் இருந்தால் முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, மூளையுறை தப்பியிருந்தால் ஃப்ளூகோனசோல் மாத்திரை தொடங்கலாம். தான்சானியாவிலும் சாம்பியாவிலும் இந்தப் பரிசோதனையையும், முதல் வாரங்களில் வீடு தேடிச் சென்று மாத்திரை எடுக்க உதவுவதையும் சேர்த்துச் செய்தபோது மொத்த இறப்பு 28 சதவீதம் குறைந்தது. தென்னாப்பிரிக்கா இதை ஆய்வகத்தின் கையிலேயே கொடுத்துவிட்டது. சி.டி.4 பார்க்க வந்த குழாயில் எண்ணிக்கை குறைவு என்று தெரிந்தால், மருத்துவர் தனியாகக் கேட்கக் காத்திராமல், அதே குழாயில் மிஞ்சிய இரத்தத்திலேயே ஆன்டிஜென்னையும் பார்த்து இரண்டு முடிவுகளையும் சேர்த்து அனுப்புகிறார்கள். புதிதாக ஊசி குத்த வேண்டாம், நோயாளி இன்னொரு நாள் கூலியை விட்டு வர வேண்டாம்.

இந்த ஏற்பாடு சி.டி.4 சோதனையின் தோளில் நிற்கிறது. எல்லோருக்கும் உடனே எச்.ஐ.வி. மருந்து என்ற கொள்கை வந்த பிறகு, மருந்து தொடங்க சி.டி.4 தேவையில்லை என்றாகி, பல நாடுகளில் அந்தச் சோதனைக்கான பணம் வைரஸ் அளவுச் சோதனைக்குப் போய்விட்டது. வைரஸ் அளவு மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லும். நுரையீரல் முடிச்சிலிருந்து எழுந்த பூஞ்சை இரத்தத்தில் உறைப் பொருளை உதிர்த்துக்கொண்டிருக்கிறதா என்று சொல்லாது. மருந்தை இடையில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள்தான் இப்போது இந்த நோயோடு வருகிறவர்களில் பெரும் பங்கு. அவர்கள் மீண்டும் வரும் முதல் நாளிலேயே ஒரு சி.டி.4 குழாயும், அது குறைவாக இருந்தால் பத்து நிமிடப் பட்டைச் சோதனையும் வேண்டும் என்று மாவட்ட ஆய்வகங்கள் திட்ட அலுவலர்களிடம் கேட்டு வாங்க வேண்டிய காலம் இது.